கொழும்புக் கடலில் போட்ட குணுக்கு

“...கிளையை வெட்டினா மரம் தழைக்கும். வேரை நீயே வெட்டிப் போட்டுட்டு எங்கிட்ட வந்து நிழல் கேக்கியா மக்கா?” என்றாள் அம்மா.

கொழும்புத் துறைமுகத்தின் படிக்கட்டில் நின்றுகொண்டு சொன்னாள். பூமழை தூறிக்கொண்டிருந்தது. கீழே கப்பலுக்கு ஆள் ஏற்றும் படகு காத்துக் கிடந்தது. அக்கா எதிரே நின்றாள். ஏழு மாத வயிறு. அவளுடைய தகரப் பெட்டி காலடியில் இருந்தது. அத்தான் ஒரு புதுக் குடையை எங்கள் மூன்று பேர் தலைக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்துகொண்டு நின்றார்.

அதைச் சொல்லி முடித்த பிறகு அம்மா ஒரு காரியம் செய்தாள். அதை இப்போதே சொன்னால் உங்களில் பாதிப் பேர் அம்மாவைத் திட்டுவீர்கள், மீதிப் பேர் அக்காவைத் திட்டுவீர்கள். திட்ட வேண்டிய ஆள் அந்தப் படியில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒன்பது வயதுப் பெண். அதனால் முதலிலிருந்தே வருகிறேன்.

நம் வயதுக்காரிகளுக்குக் காது வளர்த்த கதையை விளக்க வேண்டாம். உங்கள் பேத்திமார் படித்தால் அவர்களுக்காக இரண்டு வார்த்தை. நாம் திருவிதாங்கூர் மகாராஜாவின் குடிகளாக இருந்த காலம் அது. பெண்பிள்ளை பிறந்தால் காது குத்தி, துளையில் பஞ்சு வைத்து, பிறகு பனையோலையைச் சுருட்டி வைத்து, துளை விரிந்ததும் ஈயத்தில் வார்த்த வளையங்களைத் தொங்கவிடுவார்கள். அதற்குக் குணுக்கு என்று பெயர். அந்தக் கனத்தில் காது வருடா வருடம் கீழே இறங்கும். தோளைத் தொட்டால் அழகு. அப்புறம்தான் தங்கத்தில் தண்டட்டி, பாம்படம் எல்லாம். “காது வளந்தா குலம் வளரும்” என்பாள் அம்மா. எனக்குத் தோளுக்கு நாலு விரல் பாக்கி இருந்தது. ஓடினால் குணுக்கு இரண்டும் கழுத்தில் வந்து இடிக்கும். காலையில் ஐஸ்போலக் குளிரும், மத்தியானம் சுடும். யாரும் பார்க்காதபோது அதை வாய்க்குள் இழுத்துச் சப்புவேன். அந்த உலோக ருசி இன்றைக்கும் என் நாக்கின் ஓரத்தில் இருக்கிறது.

காது வளர்ந்தால் பெருமை என்றேன். காது அறுந்தால்? அதுவும் உங்களுக்குத் தெரியும். அறுந்த காதுக்காரிக்கு மூளி என்று பெயர், தாலியறுத்தவளின் நகையில்லாத வெறுங்காதுக்கும் அதே பெயர்தான். நல்ல காரியங்களில் அவள் கை படக் கூடாது. அக்கா கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் மஞ்சள் இடித்தபோது, மேலவீட்டுப் பெரியம்மையும் ஆசையாக உலக்கையைப் பிடிக்க வந்தாள். அவளுக்கு வலது காது எப்போதோ அறுந்துபோனது. அம்மா சிரித்த முகத்தோடேதான் சொன்னாள்: “நீ அங்கன நின்னுக்கிடு பிள்ளே. மழை வருதான்னு பாத்துச் சொல்லு.” வானத்தில் ஒரு மேகம் கிடையாது. பெரியம்மை முருங்கை மரத்தடியில் போய் நின்று, இடித்து முடிகிறவரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் பெண்ணாக உட்கார்ந்திருந்த அக்கா இடிக்கிறவர்களைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தாள். எனக்கு அது அன்றைக்குப் புரியவில்லை.

அந்த அக்காவைத்தான் கொழும்பில் கட்டிக் கொடுத்தோம். அவள் உண்டாகியிருக்கிறாள் என்று கடிதம் வந்தது. தலைப்பிள்ளை தாய்வீட்டில் என்பது நமக்கெல்லாம் எழுதாத சட்டம். அவளை அழைத்து வர ஆள் போக வேண்டும். அப்பாவால் முடியாது, அது பதனீர் இறங்கும் காலம். கருப்பட்டி காய்ச்சும் அடுப்பை விட்டு நகர முடியாது. எனவே அம்மாவே கிளம்பினாள். துணைக்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்புகிற ஒரு கொழும்புக் கடைக்காரர், வாலாக நான்.

இன்னொரு வேலையும் இருந்தது. எங்கள் வீட்டு வழக்கப்படி மூத்த மகள் வயிறும் பிள்ளையுமாக வீட்டுப்படி மிதிக்கும்போது, தாய் தன் காதிலிருக்கும் பாம்படத்தைக் கழற்றி அவள் காதில் போட வேண்டும். தாய் அதற்குப் பிறகு சின்னதாக ஒரு தண்டட்டி போட்டுக்கொள்வாள். அம்மாவுக்கும் அப்படித்தான் வந்தது. பஸ்ஸில் ஏறியதிலிருந்தே தன் பாம்படத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி வந்தாள்.

மடியில் ஒரு கல்லும் இருந்தது. மயிலாடியில் சொல்லிச் செய்த கல், பிறக்கப்போகும் பிள்ளைக்கு வசம்பு உரைக்க. பிள்ளை பிறக்கப்போவதோ நம் ஊரில். கல்லை எதற்குக் கப்பல் ஏற்ற வேண்டும் என்று அப்பா கேட்டார். “அவ கண்ணால பாத்தாத்தான் வரணும்னு தோணும்” என்றாள். திருவிதாங்கூர் எல்லையில், ஆரல்வாய்மொழிச் சாவடியில் சுங்கக்காரர் அதைக் கையில் வாங்கிப் புரட்டினார்.

“கொழும்புக்கா கொண்டு போறியோ? அங்க கல்லு கெடையாதா?”

“கல்லு கெடக்கும். அதுல உரைச்சா பிள்ள சிங்களம்லா பேசும்?”

சுங்கக்காரர் சிரித்துக் கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நிற்கும். படகில்தான் போக வேண்டும். அலை தூக்கிப் போட்டதும் என் முகத்தைப் பார்த்த படகுக்காரர், “கடலைப் பாக்காத பிள்ளே, தலை சுத்தும். விட்டுட்டு வந்த கரையவே பாத்துக்கிட்டு இரு” என்றார். பார்த்தேன், நின்றுவிட்டது. அம்மா அதை ஒரு பழமொழிபோல மனதில் முடிந்துவைத்துக்கொண்டாள்.

கொழும்பில் இறங்கியதும் முதலில் என்னைப் பிடித்தது வாசனை. நிலக்கரிப் புகை, ஏலக்காய், மழையில் நனைந்த சாக்கு, அழுகிய பழம். இங்கே மண் வெடித்துக் கிடந்தது, அங்கே தெருவில் தண்ணீர் ஓடிற்று. அத்தான் புறக்கோட்டையில் ஒரு குடைக்கடையில் வேலை பார்த்தார். குடை விற்பார், உடைந்த கம்பி மாற்றுவார், துணி தைப்பார். கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார். கடைக்காரர்கள் எல்லோரும் அங்கே அப்படித்தான். அம்மாவுக்கு அந்தக் கோட்டைக் கண்டதுமே பிடிக்கவில்லை. “கோட்டு போட்டவன் கூட்டைக் கலைப்பான்” என்று என் காதில் முணுமுணுத்தாள். மருமகனோடு நேருக்கு நேர் பேசும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. அவர் உள்ளே வந்தால் இவள் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். ஒரே அறை உள்ள மாடி வீட்டில் கதவுக்குப் பின்னால் எத்தனை நேரம் நிற்பது? பாதி நாள் அம்மா மாடிப்படியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அக்கா தலையைச் சுற்றிக் காதை மூடி ஒரு கம்பளித் துணி கட்டியிருந்தாள். அம்மா அதைப் பார்த்துப் பூரித்துப்போனாள். “பாத்தியா, யாரும் சொல்லிக் குடுக்காமலே வயித்துப்பிள்ளைக்காரி காதைப் பொத்தணும்னு தெரிஞ்சு வச்சிருக்கா. ஈரக்காத்து காது வழியாத்தான் உள்ள போகும்.” அக்கா குனிந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்தாள். வெங்காயத்துக்குத்தான் என்று நினைத்தேன்.

பத்து நாள் நான் ராணியாக இருந்தேன். அத்தான் கடை முடிந்து வந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். டிராம் வண்டி மேலே கம்பியில் பொறி பறக்கப் போகும், மணியடித்துக்கொண்டே வளையும். ரம்புட்டான் பழத்தை முதலில் பார்த்தபோது மயிர் முளைத்த முட்டை என்று பயந்து கீழே போட்டுவிட்டேன். செட்டியார் தெருவின் நகைக் கடைகள், கோட்டையின் மணிக்கூண்டு, வெள்ளைக்காரத் துரைசானிகள், ரிக்ஷா இழுப்பவரின் பாதங்கள் சேற்றில் பச் பச் என்று விழும் ஓசை. அத்தான் எல்லாவற்றுக்கும் ஒரு சொல் வைத்திருப்பார். “பட்டணத்துல ரெண்டே சாதிதான் பிள்ளே. குடை உள்ளவன், குடை இல்லாதவன்.” டிராமில் ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் அவர் பேச்சு நின்றுவிடும். என் இரண்டு காதையும் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, வண்டி முழுதாக நின்ற பிறகுதான் இறக்குவார். இந்த மனிதருக்கு எதற்கு இத்தனை பயம் என்று எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

காரணம் தெரிந்தது ஒரு காலை நேரத்தில். கொல்லைப்புறக் குழாயடியில் அக்கா தலை முழுகிக்கொண்டிருந்தாள். சீயக்காய் கொடுக்கப் போனேன். கம்பளித் துணி கொடியில் கிடந்தது. நனைந்த முடி பின்னால் கிடக்க, தோள்வரை தொங்க வேண்டிய காது இரண்டும் இல்லை. சின்னஞ்சிறு காது, என் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கீழ்மடல், அதில் கோணலாக ஒரு தையல் தழும்பு. நான் வாயைத் திறப்பதற்குள் ஈரக்கையால் பொத்தினாள்.

“சத்தம் போடாத மக்கா. டிராம்ல இருந்து எறங்குனேன். ஒரு காலு தரையில, ஒரு காலு படியில. தண்டட்டி அந்தப் பித்தளைக் கைப்பிடியில கொளுவிக்கிட்டு கெடந்தது எனக்குத் தெரியல. மணி அடிச்சான். வண்டி நவுண்டுட்டு.”

“வலிச்சுதாக்கா?”

“வலிக்கு முன்ன சத்தம்தான் கேட்டுது. சீலை கிழியுத மாதிரி.”

ஒரு காதுதான் அறுந்தது. ஒன்றைத் தைத்தால் மற்றது தொங்கும், இரண்டையும் அளவாக வெட்டித் தைத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். “உங்க அத்தான் ஆசுபத்திரி வாசல்ல நின்னு சின்னப்பிள்ள மாதிரி அழுதாரு. நான்தான் தேத்துனேன்.”

“அம்மைட்ட சொல்லேன்க்கா.”

அக்கா தலையைத் துவட்டிக்கொண்டே யோசித்தாள். “வேணும்னே வெட்டிக்கிட்டேன்னா அம்மை ஏசுவா. அறுந்துபோச்சுன்னா அம்மை அழுவா. மேலவீட்டுப் பெரியம்மைய முருங்கை மூட்டுல நிறுத்துனது ஞாபகம் இருக்கா உனக்கு? நாளைக்கு என்னைய எங்க நிறுத்துவா? ஏசுனா ஏசிட்டுப் போகட்டும். அதையும் இப்பச் சொல்லக் கூடாது. ஊருக்கு வந்து பிள்ளையப் பெத்து அம்மை கையில குடுத்துட்டு, அப்புறம் பைய சொல்லுவேன். கை நெறைய பிள்ள இருந்தா அடிக்க ஒழியாதுல்லா?” என்று சிரித்தாள். பாம்படம் போடும் நேரம் வந்தால் என்ன செய்வாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் அதை நினைத்திருக்க மாட்டாளா என்ன? நாளைத் தள்ளினால் வழி பிறக்கும் என்று இருந்திருப்பாள். என் கையைத் தன் வயிற்றில் வைத்து, “உள்ள இருக்குத பிள்ள மேல ஆணை, டிராம் கதைய யாருட்டயும் சொல்லக் கூடாது” என்றாள். உள்ளேயிருந்து ஒரு உதை வந்து என் கையில் பட்டது. பயந்துபோய்ச் சத்தியம் செய்தேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காலிமுகத்திடல். கடலோரப் புல்வெளியில் கவுன் போட்ட பிள்ளைகள் பட்டம் விட்டார்கள். என் வயதுள்ள ஒருத்தி என்னைப் பார்த்து நின்றாள். அவள் காதில் ஒரே ஒரு முத்து, மழைத்துளிபோல. தன் தாயிடம் என் காதைச் சுட்டிக்காட்டி என்னவோ கேட்டாள். என்ன மொழியோ, எனக்குப் புரியவில்லை. இருவரும் சிரித்தார்கள், சிரிப்பு புரிந்தது. அத்தான் கடலை வாங்கப் போயிருந்தார். எனக்கு அக்காவின் சுண்டுவிரல் நகக் காது கண்ணில் நின்றது. சுவரோரமாகப் போனேன். ஒரு குணுக்கைக் கழற்றிக் கடலில் போட்டேன். சத்தமே கேட்கவில்லை. அடுத்ததையும் போட்டேன். கழுத்து இரண்டு பக்கமும் லேசாகி, தலை தானாக மேலே எழும்பியது. அந்தச் சுகத்தை மறைத்து என்ன பயன்? எழுபது வயது தாண்டியும் அந்தக் கணத்தின் சுகம் ஞாபகம் இருக்கிறது. பாவம் அத்தான், வரும் வழியெல்லாம் குடை பிடித்துக்கொண்டு வந்தவர் என் காதைக் கவனிக்கவேயில்லை. டிராமில் மட்டும் வழக்கம்போலக் கையால் பொத்தினார். அப்போதுதான் தெரிந்து திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். அதற்குள் வீடு வந்துவிட்டது.

அம்மா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். என் தலையை வருடிய கை காதுக்கு வந்து நின்றது.

“குணுக்கு எங்கட்டி?”

நான் படியின் ஓரத்தை நகத்தால் சுரண்டினேன்.

“ஏட்டி, கேக்கேன்லா? குணுக்கு எங்க? யாரு கழட்டுனா?”

அம்மாவின் கை மேலே எழும்பியது. அடி வாங்கிய பழக்கம் உள்ளவர்களுக்குத் தெரியும், அடி விழுவதற்கு முன்னால் ஒரு இமைப்பொழுது உண்டு. அந்த இமைப்பொழுதில் சொன்னேன்: “அக்காதான் கழட்டிப் போடச் சொன்னா.”

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், ஓங்கிய கையைப் பார்த்தாள். “ஆமாம்மா. நாந்தான் சொன்னேன்” என்றாள்.

அம்மா எழுந்து உள்ளே போய் அக்காவின் தலைக்கட்டை இழுத்தாள். ஏன் இழுத்தாள் என்று தெரியவில்லை. தாய்க்கு ஏதோ தோன்றியிருக்கும். கம்பளித் துணி கையோடு வந்தது. அம்மா அதை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

“உன் காதை வெட்டுனது உன் புருசன் ஆசைன்னு வச்சுக்கிடுதேன்” என்றாள் அம்மா கடைசியில். “இந்தச் சின்னதுக்கக் காதுல எதுக்குட்டி கை வச்ச?”

வாசலில் நின்ற அத்தான், “அத்தே, அது வந்து...” என்று தொடங்கினார். அம்மா சட்டென்று கதவுக்குப் பின்னால் போனாள். கோபத்திலும் வழக்கம் மாறவில்லை பாருங்கள். அக்கா அவரைப் பார்த்து, “நீங்க சும்ம இருங்கோ” என்றாள். அவர் சும்மா இருந்தார். ஒரு கதவு அளவுக்கு மரியாதை குறைவாக இருந்திருந்தால், அந்த மனிதர் டிராம் கதையைச் சொல்லியிருப்பார். எனக்குத் தடை எந்தக் கதவும் இல்லை. இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது: பொய் சொன்னேன் என்பது ஒன்று, டிராம் என்பது மற்றொன்று. ஆணையைக் காப்பாற்றினேன், பொய்யையும் காப்பாற்றினேன்.

மூன்று நாள் அம்மா பச்சைத் தண்ணீர்தான் குடித்தாள். அக்கா மட்டும் தன் பெட்டியை அடுக்கினாள். கப்பல் புறப்படும் நேரத்தில் தாய் மனது இறங்கிவிடும் என்று நம்பியிருப்பாள். மயிலாடிக் கல்லைத் துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

அக்கா வரவில்லை. அங்கேயே பெற்றாள், பெண் குழந்தை. அத்தான் வருடந்தோறும் கார்டு போடுவார். நான் வாசிப்பேன், அம்மா புளி உடைத்துக்கொண்டே கேட்பாள். “இங்க எல்லாரும் சுகம்னு எழுது” என்பாள், அதற்கு மேல் ஒரு வரி கிடையாது. ஆனால் கார்டு வருகிற மாதம் நெருங்கினால் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் புளியைக் கொண்டுவந்து வைத்துக்கொள்வாள். கல்யாண வீடுகளில் மஞ்சள் இடிக்கும் பக்கமே அவள் அதற்குப் பிறகு போகவில்லை. யாரும் சொல்லாமல் தானே போய் ஒதுங்கி நிற்பாள்.

நான் இரண்டு பிள்ளை பெற்ற பிறகு, காய்ச்சலில் அக்கா போய்விட்டாள் என்று அத்தான் எழுதினார். ஆணை முடிந்தது என்று நினைத்தேன். அன்று மத்தியானமே அம்மாவிடம் டிராம் கதையைச் சொன்னேன். அம்மா அழவில்லை. மடியிலிருந்த புளியை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்:

“எந்தக் காது? எடதா, வலதா?”

“இடதும்மா.”

தன் இடது காதைத் தொட்டு அப்படியே பிடித்துக்கொண்டாள். பொய்யை மட்டும் அன்றைக்கும் சொல்லவில்லை. வாய் வரை வந்தது. இருக்கிற ஒரு மகளையும் எதற்கு இழக்கச் செய்வது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அம்மா அதைத் தெரியாமலே போய்ச் சேர்ந்தாள். அப்புறம் நான் நெய்யூர் ஆஸ்பத்திரியில் காதைத் தைத்துக்கொண்டேன். பாம்படத்தை, கொழும்புக்குப் போன ஒருவர் கையில் அக்கா மகளுக்குக் கொடுத்தனுப்பினேன். அவள் எழுதினாள்: “சின்னம்மா, தங்கத்தில் செய்தது வந்து சேர்ந்தது. இது பூட்டா, விளையாட்டுச் சாமானா? எதில் மாட்ட வேண்டும்?” பதில் எழுத உட்கார்ந்து, இதோ இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பாம்படம் என் கைக்கு வந்தது அந்தத் துறைமுகப் படியில்தான். “நானும் வாரேம்மா” என்று அக்கா பெட்டியைத் தூக்கினாள். வேரை வெட்டிவிட்டு நிழல் கேட்கிறாயா என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, அத்தான் நிற்பதையும் பாராமல், முதல்முறையாக அவர் முன்னால் முக்காட்டை விலக்கினாள். வலது காதிலிருந்து பாம்படத்தைக் கழற்றினாள். இடது காதிலிருந்தும் கழற்றினாள். கட்டின கணவன் ஊரில் கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருக்க, மூளி என்ற சொல்லைத் தன் கையால் தன் காதில் போட்டுக்கொண்டாள். அந்தப் பொன் இரண்டையும், அக்கா பார்க்கப் பார்க்க, குணுக்கு இல்லாத என் காதுகளில் மாட்டினாள். ஈயத்தைவிட அது கனத்தது. நான் வாயைத் திறக்கவில்லை. வெறுங்காது இரண்டும் தோளில் ஆட, அம்மா என் கையைப் பிடித்துப் படியிறங்கிப் படகில் ஏறினாள். கரைக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.